மறதிக்கும் ஒரு கணக்கு உண்டு

ஆண்டிறுதித் தேர்வுகள் நெருங்கும்போது மாணவர்களிடமிருந்து நான் அதிகம் கேட்கும் குறை ஒன்றுதான்: படித்தது மனத்தில் நிற்கவில்லை. சிராங்கூன் சாலைக்கு அருகே ஒரு கடைவீட்டின் மாடியில், மாலை வேளைகளில் உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்குத் துணைப்பாட வகுப்பு எடுக்கிறேன். திங்கட்கிழமை வேதியியல் கேள்விக்குச் சரளமாகப் பதில் எழுதிய பிள்ளை, வெள்ளிக்கிழமை அதே கேள்வியைப் பார்த்து விழிக்கும். தனக்கு மூளை மந்தம் என்று தானே தீர்ப்பும் எழுதிக்கொள்ளும். வீட்டில் உள்ளவர்கள் கைப்பேசி, சோம்பல், கவனக்குறைவு என்று காரணங்களை அடுக்குவார்கள்.

அப்படி மனம் தளர்ந்து நிற்கும் பிள்ளைகளுக்கு ஒருவருடைய வாழ்க்கையைச் சொல்வது என் வழக்கம். மறப்பது எல்லாருக்கும் பொதுவானது, அதற்கு ஒரு வேகம் உண்டு, அந்த வேகத்தை அளக்க முடியும் என்று முதன்முதலில் எண்களால் காட்டியவர் அவர். பெயர் ஹெர்மன் எபிங்ஹவுஸ். மாணவர்கள் இன்று கைப்பேசியில் பயன்படுத்தும் படிப்பு அட்டைச் செயலிகள் எந்தக் கேள்வியை எந்த நாளில் மீண்டும் கேட்பது என்று கணிக்கின்றன அல்லவா? அந்தக் கணிப்பின் வேர் அவரிடம்தான் இருக்கிறது.

வணிகரின் மகன்

எபிங்ஹவுஸ் 1850ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் தேதி, அன்றைய பிரஷ்யாவின் பார்மன் நகரில் பிறந்தார். இப்போது அது ஜெர்மனியின் வுப்பர்டால் நகரின் ஒரு பகுதி. துணி ஆலைகளுக்குப் பெயர்போன ஊர். தந்தை வசதியான வணிகர். மகன் வணிகத்துக்கு வரவில்லை. 17 வயதில் பான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து வரலாறும் மொழியும் படித்தார். பிறகு தத்துவத்தின் பக்கம் திரும்பினார்.

1870ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. படிப்பை நிறுத்திவிட்டுப் படையில் சேர்ந்தார். போர் முடிந்து திரும்பி, 1873ல் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அடுத்த சில ஆண்டுகள் இங்கிலாந்திலும் பிரான்சிலும் கழிந்தன. பாடம் சொல்லிக்கொடுத்தார். கிடைத்த நேரத்தில் தாமாகப் படித்தார். பட்டம் பெற்று ஆண்டுகள் ஓடியும் நிலையான பல்கலைக்கழக வேலை இல்லை.

அந்தக் காலத்தில்தான் பழைய புத்தகக் கடை ஒன்றில் குஸ்டாவ் ஃபெக்னர் 1860ல் எழுதிய உளஇயற்பியல் நூல் அவர் கண்ணில் பட்டதாகச் சொல்வார்கள். கையில் தூக்கும் எடை எவ்வளவு கூடினால் நாம் அதை உணர்கிறோம், விளக்கின் ஒளி எவ்வளவு கூடினால் கண் அறிகிறது என்பனவற்றை ஃபெக்னர் அளந்து கணிதமாக்கியிருந்தார். உணர்வை அளக்கலாம் என்றால் நினைவை ஏன் அளக்கக்கூடாது என்ற கேள்வி எபிங்ஹவுஸைப் பற்றிக்கொண்டது.

அன்று அது துணிச்சலான கேள்வி. 1879ல் லைப்சிக் நகரில் உளவியலுக்கென ஆய்வுக்கூடம் அமைத்த வில்ஹெல்ம் வுண்ட் உட்படப் பலரும், நினைவு போன்ற உயர்நிலை மனச் செயல்களைச் சோதனைக்கு உட்படுத்த முடியாது என்று கருதினார்கள். எபிங்ஹவுஸிடம் ஆய்வுக்கூடம் இல்லை, உதவியாளர் இல்லை, சோதனைக்கு வந்து உட்கார மாணவர்களும் இல்லை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு தலை. அதையே சோதனைப் பொருளாக்கினார்.

பொருளற்ற 2,300 அசைகள்

முதல் சிக்கல், எதை மனப்பாடம் செய்து சோதிப்பது என்பது. கவிதையை எடுத்தால் சில வரிகள் பிடித்துப்போகும், சில வரிகள் பிடிக்காது. ஏற்கெனவே தெரிந்த சொற்கள் வந்தால் பழைய நினைவு உதவிக்கு வந்துவிடும். ஆகவே பொருளே இல்லாத அசைகளை உருவாக்கினார். நடுவில் ஓர் உயிரொலி, இரு பக்கமும் மெய்யொலி. நம் மொழியில் ஞூட், பௌக் என்பதுபோல் வைத்துக்கொள்ளுங்கள். இப்படி ஏறத்தாழ 2,300 அசைகள். அவற்றைக் கலந்து, குலுக்கலில் வருபவற்றைக் கொண்டு பட்டியல்கள் தயாரித்தார்.

ஒவ்வோர் அசையையும் ஒரே வேகத்தில் படிக்கவேண்டும். தொடக்கத்தில் தாளக்கருவியை வைத்துக்கொண்டார். பிறகு கடிகாரத்தின் டிக் டிக் ஒலியே போதுமானதாக இருந்தது. நிமிடத்துக்கு 150 அசை என்பது வேகம். பட்டியலைப் பிழையில்லாமல் பார்க்காது சொல்லும்வரை திரும்பத் திரும்பப் படிப்பார். எத்தனை முறை, எத்தனை விநாடி என்று குறித்துக்கொள்வார். குறிப்பிட்ட இடைவெளி கழித்து அதே பட்டியலை மறுபடியும் கற்பார்.

சோதனைகள் 1879, 1880ஆம் ஆண்டுகளில் ஒரு சுற்றும், 1883, 1884ஆம் ஆண்டுகளில் இன்னொரு சுற்றும் நடந்தன. அந்த நாள்களில் தமது அன்றாட வாழ்க்கையும் பெரிய மாற்றமில்லாமல் ஒரே ஒழுங்கில் இருக்கும்படி பார்த்துக்கொண்டார். மறதியை அளப்பதற்காக மட்டும் 163 இரட்டைச் சோதனைகள் செய்தார். ஒவ்வொன்றிலும் 13 அசைகள் கொண்ட 8 பட்டியல்கள். ஒரு தடவை கற்று முடிக்கவே சுமார் 20 நிமிடம் ஆகும். பாராட்டவும் ஆளில்லாமல், கேள்வி கேட்கவும் ஆளில்லாமல், பொருளற்ற ஒலிகளை ஆண்டுக்கணக்கில் முணுமுணுத்துக்கொண்டிருந்த மனிதரை எண்ணிப்பாருங்கள். பொறுமைக்கு வேறு பாடம் வேண்டியதில்லை.

சரிந்து விழும் கோடு

மறதியை அளக்க அவர் கண்ட வழி எளியது. எவ்வளவு நினைவிருக்கிறது என்று கேட்பதைவிட, மீண்டும் கற்பதில் எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று பார்த்தார். முதல் தடவை 20 நிமிடம் எடுத்த பட்டியலை இரண்டாம் தடவை 12 நிமிடத்தில் கற்க முடிந்தால், மிச்சம் 8 நிமிடம், அதாவது 40 விழுக்காடு. முற்றிலும் மறந்துவிட்டதாகத் தோன்றும் பாடமும் உள்ளே ஏதோ ஒரு தடத்தை விட்டிருந்தால், இந்த முறையில் அது வெளிப்பட்டுவிடும்.

அவர் கண்ட எண்கள் இவை. சுமார் 20 நிமிடம் கழித்து மீண்டும் கற்றபோது 58 விழுக்காட்டு உழைப்பு மிச்சமானது. ஒரு மணி நேரம் கழித்து 44. ஏறத்தாழ 9 மணி நேரம் கழித்து 36. ஒரு நாள் கழித்து 34. இரண்டு நாள் கழித்து 28. ஆறு நாள் கழித்து 25. 31 நாள் கழித்து 21.

இதைக் கோடாக வரைந்தால் தொடக்கத்தில் செங்குத்தாகச் சரியும், பிறகு ஏறக்குறையப் படுத்துவிடும். ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் போய்விடுகிறது. ஆனால் முதல் நாளுக்கும் 31ஆம் நாளுக்கும் இடையே 13 விழுக்காட்டுப் புள்ளிகள்தான் குறைகின்றன. திங்கட்கிழமை தெரிந்தது வெள்ளிக்கிழமை தெரியாமல் போவதில் வியப்பே இல்லை. அது மந்த மூளையின் அடையாளமும் இல்லை. பிற்காலத்தில் பேராசிரியராக உயர்ந்த ஒருவருடைய மூளையும் அப்படித்தான் நடந்துகொண்டது.

ஒரு செய்தியை இங்கே சொல்லவேண்டும். இந்த எண்கள் ஒரே மனிதர், பொருளற்ற அசைகளைக் கொண்டு கண்டவை. உங்கள் அறிவியல் பாடமும் ஒரு மணி நேரத்தில் அதே அளவு மறந்துபோகும் என்று பொருளில்லை. பொருள் உள்ளது எளிதில் நிற்கும் என்பதையும் எபிங்ஹவுஸே சோதித்தார். பைரன் என்ற ஆங்கிலக் கவிஞரின் நெடுங்கவிதையிலிருந்து சில பகுதிகளை மனப்பாடம் செய்தபோது, அதே அளவு பொருளற்ற அசைகளுக்குத் தேவைப்பட்ட உழைப்பில் பத்தில் ஒரு பங்குதான் ஆனது. புரியாமல் மனப்பாடம் செய்பவர் பத்து மடங்கு சுமக்கிறார் என்று இதை எடுத்துக்கொள்ளலாம். 2015ல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவருடைய சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தனர். 130 ஆண்டுகளுக்குப் பிறகும் கோட்டின் வடிவம் பெரிதும் ஒத்துப்போனது.

68ஆ, 38ஆ?

என் மாணவர்களிடம் நான் அழுத்திச் சொல்வது அவருடைய இன்னொரு முடிவை. 12 அசைகள் கொண்ட பட்டியலை ஒரே நாளில் தொடர்ந்து 68 முறை படித்துப் பார்த்தார். அதே அளவுள்ள பட்டியலை மூன்று நாள்களில் பிரித்து, மொத்தம் 38 முறை மட்டும் படித்துப் பார்த்தார். மறுநாள் சோதித்தபோது 38 முறை படித்தது, 68 முறை படித்ததற்குச் சற்றும் குறையாத பலன் தந்தது.

நாள்தோறும் திரும்பக் கற்றால் உழைப்பு எப்படிக் குறைகிறது என்பதையும் எண்ணிவைத்தார். முதல் நாள் சுமார் 16, 17 முறை படிக்கவேண்டியிருந்த பட்டியலுக்கு இரண்டாம் நாள் 11 முறை போதும். மூன்றாம் நாள் 7 அல்லது 8. நான்காம் நாள் 5. ஐந்தாம் நாள் 3. ஆறாம் நாள் இரண்டு மூன்று முறையிலேயே வந்துவிட்டது.

68க்கும் 38க்கும் உள்ள வேறுபாடு எல்லாருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. தனி அறையும் நிறைய நேரமும் உள்ள பிள்ளை 68 முறையும் படித்துவிடும். தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு, வார இறுதியில் பகுதிநேர வேலைக்கும் போகும் பிள்ளைக்கு அந்த 30 முறை எங்கிருந்து கிடைக்கும்? நேரம் குறைவாக உள்ளவருக்குத்தான் எபிங்ஹவுஸின் கணக்கு அதிகம் உதவும்.

திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகுவது நமக்குப் புதியதன்று. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் வாய்ப்பாட்டை நாள்தோறும் முறைவைத்துச் சொல்லவைத்தார்கள். தேவாரம் பாடும் ஓதுவார்களும் ஒரே இரவில் பதிகங்களைக் கற்றுவிடுவதில்லை. அனுபவத்தில் தெரிந்த ஒன்றுக்கு எபிங்ஹவுஸ் எண்ணும் காலமும் கொடுத்தார். அதனால்தான் பின்னால் வந்தவர்கள் அதன்மேல் கட்டடம் எழுப்ப முடிந்தது.

கிடைக்காத நாற்காலி

1885ல் நினைவு பற்றிய அவருடைய சிறு நூல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே பெர்லின் பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியர் ஆனார். 1890ல் ஆர்தர் கோனிக் என்பவருடன் சேர்ந்து உளவியலுக்கு ஓர் ஆய்விதழைத் தொடங்கினார். இருந்தும் முழுப் பேராசிரியர் பதவி பெர்லினில் அவருக்குக் கிட்டவில்லை. 1894ல் அந்த நாற்காலி கார்ல் ஸ்டம்ஃப் என்பவருக்குப் போனது. எபிங்ஹவுஸ் குறைவாகவே எழுதி வெளியிட்டார் என்பது அவருக்கு எதிராக அமைந்தது என்பர். அவர் பிரெஸ்லாவ் நகருக்குப் போனார். இன்று அது போலந்தில் உள்ள வ்ரோட்ஸ்வாஃப்.

அங்கே பள்ளிப் பிள்ளைகள் அவரைத் தேடி வந்தார்கள் என்றே சொல்லலாம். காலையில் தொடர்ந்து ஐந்து மணி நேரம் வகுப்பு நடத்துவது பிள்ளைகளின் மூளையைக் களைப்படையச் செய்கிறதா என்று அறிய நகரப் பள்ளி நிர்வாகம் விரும்பியது. அந்த ஆய்வுக்காக எபிங்ஹவுஸ் ஒரு புதுத் தேர்வை வடிவமைத்தார். ஒரு பத்தியில் ஆங்காங்கே சொற்களையும் அசைகளையும் நீக்கிவிட்டு, பிள்ளைகளை நிரப்பச் சொன்னார். வகுப்பில் யார் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதை மற்றத் தேர்வுகளைவிட இது நன்றாகக் காட்டியது. 1897ல் முடிவுகளை வெளியிட்டார். பின்னர் பிரான்சில் ஆல்ஃபிரட் பினே அறிவுத்திறன் சோதனையை உருவாக்கியபோது இந்த வகைக் கேள்வியையும் சேர்த்துக்கொண்டார். தமிழ்த் தாளில் நீங்கள் நிரப்பும் கோடிட்ட இடங்களுக்கும் இப்படி ஒரு முன்னோர் உண்டு.

தம் பழைய சோதனையை அவர் மறந்துவிடவில்லை. முன்பு மனப்பாடம் செய்த பைரன் கவிதைப் பகுதிகளை 22 ஆண்டுகள் கழித்து மறுபடியும் கற்றுப்பார்த்தார். அப்போதும் கொஞ்சம் நேரம் மிச்சமானது. 1905ல் ஹாலே நகருக்கு மாறினார். 1909 பிப்ரவரி 26ஆம் தேதி, 59 வயதில், நிமோனியா காய்ச்சலால் அங்கேயே காலமானார்.

பெட்டியிலிருந்து கைப்பேசிக்கு

அவர் வரைந்த கோட்டைப் பயன்படுத்தி மறுபடிப்புக்கு நாள் குறிக்கும் வழி எளிய மக்களை அடைய நெடுங்காலம் ஆனது. 1972ல் செபாஸ்டியன் லைட்னர் என்ற எழுத்தாளர் ஓர் அட்டைப்பெட்டி முறையைப் பரப்பினார். பெட்டியில் ஐந்து அறைகள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்கு நகரும், அங்கே அது திரும்ப வர அதிக நாளாகும். தவறாகச் சொன்ன அட்டை முதல் அறைக்கே திரும்பும். தீபாவளிப் பலகாரம் வந்த காலிப் பெட்டியிலேயே இதைச் செய்துகொள்ளலாம்.

போலந்து மாணவர் பியோட்டர் வோஸ்னியாக் 1985ல் தாளில் கணக்கிடத் தொடங்கி, 1987ல் அதைக் கணினி நிரலாக்கினார். 2006ல் ஆன்கி என்ற இலவச மென்பொருள் வந்தது. இன்றைய செயலிகள் நீங்கள் ஒவ்வோர் அட்டைக்கும் சொன்ன பதில்களை வைத்து, அது எப்போது நினைவிலிருந்து நழுவும் என்று மதிப்பிடுகின்றன. சரியாகச் சொல்லும் வாய்ப்பு, பத்துக்கு ஒன்பது என்ற அளவுக்கு இறங்கும்போது அந்த அட்டையை மீண்டும் உங்கள்முன் வைக்கும்படி அமைத்துக்கொள்ளலாம்.

இடைவெளி எவ்வளவு இருக்கவேண்டும் என்பதற்கும் விடை கிடைத்திருக்கிறது. 1,350க்கும் அதிகமானோரைக் கொண்டு நடத்தி 2008ல் வெளியிடப்பட்ட அமெரிக்க ஆய்வு ஒன்றில், சோதனை 7 நாள் கழித்து என்றால் ஒரு நாள் இடைவெளி சிறந்ததாக இருந்தது. 35 நாள் கழித்து என்றால் ஏறத்தாழ 11 நாள். 70 நாள் கழித்து என்றால் ஏறத்தாழ 21 நாள். தேர்வு எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதற்கேற்ப இடைவெளியும் நீளவேண்டும்.

நம் மாணவர்களுக்கு

சிங்கப்பூரில் 2023ஆம் ஆண்டுக்குள் எல்லாத் தொடக்க, உயர்நிலை வகுப்புகளிலும் அரையாண்டுத் தேர்வுகள் நீக்கப்பட்டுவிட்டன. மனச்சுமையைக் குறைக்கும் நல்ல மாற்றம். ஆனால் ஜனவரியில் படித்ததை மே மாதத்தில் தூசு தட்ட வைத்த பெரிய தேர்வு இப்போது இல்லை. அந்த நினைவூட்டலை மாணவரே அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சிராங்கூன் சாலையில் தீபாவளி ஒளியூட்டு எரியும் வாரங்களை ஒட்டித்தான் ஆண்டிறுதித் தேர்வுகளும் நடக்கின்றன. விளக்குகள் எரியும்போது முதல் பாடத்தைத் திறந்தால், 68 முறை படிக்க நேரம் இருக்காது.

நான் மாணவர்களுக்குத் தரும் கணக்கு இது. ஒரு பாடத்தைப் புரிந்து படித்த நாளை முதல் நாளாகக் கொள்ளுங்கள். மறுநாள் ஒருமுறை, நான்கு நாள் கழித்து ஒருமுறை, பத்து நாள் கழித்து ஒருமுறை, பிறகு மூன்று வாரம் கழித்து ஒருமுறை. ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் போதும். இடையில் ஏதாவது வரவில்லையென்றால் அதை மட்டும் முதலிலிருந்து தொடங்குங்கள்.

மறுபடிப்பு என்றால் புத்தகத்தைத் திறந்து மஞ்சள் பேனாவால் கோடு போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். புத்தகத்தை மூடிவைத்துக்கொண்டு நினைவுபடுத்தி எழுதுங்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006ல் வெளியிட்ட ஆய்வில், திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, பார்க்காமல் நினைவுபடுத்திப் பழகியவர்களே முந்தினார்கள்.

இதற்குத் தனி அறை வேண்டாம். லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறினால் பொங்கோல் போய்ச் சேர்வதற்குள் பதினைந்து அட்டைகளைப் பார்த்துவிடலாம். செயலி இல்லாவிட்டால் ஒரு பழைய நாட்குறிப்பும் பென்சிலும் போதும். எபிங்ஹவுஸிடம் இருந்ததும் ஏறக்குறைய அவ்வளவுதான். இன்று படித்த பாடத்தின் ஓரத்தில் நாளைய தேதியை எழுதிவையுங்கள். நாளை அதில் பாதி நினைவில் இல்லையென்றால் பதற்றப்படவேண்டாம். மறுபடியும் கற்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். நிச்சயம் முதல் நாளைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.